இரைச்சல் எங்கிருந்து வருகிறது? மலையகத்தில் வயர்லெஸ் மைக்கோடு பட்ட பாடு

மலையகத்தில் மைக் செட் வாடகைக்கு விடுபவர்களுக்குக் கேபிள் மைக்கின் சிரமத்தை விளக்க வேண்டியதில்லை. மாசி மாதத்துக் காமன் கூத்தில் ரதியும் மன்மதனும் ஒரே இடத்தில் நின்று பாடுவதில்லை. கரகம் பாலிக்கும் இடத்திலிருந்து ஊர்வலம் புறப்படும்போது அறிவிப்பாளரும் கூடவே நடக்கிறார். பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் மேடைக்கும் மண்டபத்தின் பின்வரிசைக்கும் இடையில் மைக் கைமாறிக்கொண்டே இருக்கிறது. சேறான மைதானத்தில் நீளமான கேபிளை இழுத்துவிட்டு, ஊரே அதை மிதித்து முடித்த பிறகு, ஒவ்வொரு விழாவுக்கும் அடுத்த நாள் அறுந்த முனைகளை ஈயம் வைத்து ஒட்டிக்கொண்டிருப்பதில் சலித்துப்போய்த்தான், சீட்டுக் காசு கைக்கு வந்தவுடன் கொழும்புக்குப் போய்ப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் நான்கு மைக் கொண்ட வயர்லெஸ் செட் ஒன்றை 58,000 ரூபாவுக்கு வாங்கி வந்தேன். கடைக்காரர் திறந்தவெளியில் நூறு மீட்டர் தூரம் எடுக்கும் என்றார். கடைக்குள் அதை இயக்கிக் காட்டியபோது குரல் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது.

நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்த மாரியம்மன் திருவிழாதான் அதன் முதல் வேலை. கோயில் பள்ளத்தில் இருந்தது, சுற்றிலும் மலை. எந்தக் குறையும் இல்லாமல் விழா முடிந்ததால், கேபிள் மைக்குகளை வீட்டிலேயே வைத்துவிட்டு அடுத்த வேலைக்கு நுவரெலியாவுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்துக்குப் போனேன். அந்தக் கோயில் மேட்டின் உச்சியில் இருந்தது, அங்கிருந்து பார்த்தால் பிதுருதலாகலையின் அலைபரப்புக் கோபுரங்கள் நேரெதிரே தெரிந்தன. மாலையில் சோதித்துப் பார்த்தபோதே இரண்டு மைக்குகளில் மெல்லிய கர்ர்ர் ஒலி இருந்தது. இரவு பிரதம விருந்தினர் பேச எழுந்து மைக்கைக் கையில் எடுத்து நான்கு அடி நடந்தவுடன், அவருடைய குரல் அறுந்து பெரும் இரைச்சல் வெடித்தது. பின்னால் நின்ற இளைஞர்கள் கூச்சலிட்டார்கள். கோயில் தலைவர் மேடையோரம் வந்து, "தம்பி, இதுக்குத்தானா காசு கேட்டீங்க?" என்று எல்லோரும் கேட்கும்படியாகவே கேட்டார். பேசிய வாடகையில் 15,000 ரூபாவைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தார்கள். காசு போனதைவிட, லொறியில் பெட்டிகளை ஏற்றும்போது எவரும் கைகொடுக்க வராமல் ஒதுங்கி நின்றதுதான் அதிகம் வலித்தது. இத்தனைக்கும் அந்தத் தோட்டத்தில் எனக்குச் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள்.

அதன் பிறகு காசு போன வழிகளைச் சொல்கிறேன். நகரத்தில் நான் காட்டிய முதல் பழுதுபார்க்கும் கடையில், மைக்கின் தலைப்பகுதி பழுதாகிவிட்டது என்று சொல்லி இரண்டு மைக்குகளுக்கும் புதுத் தலை மாற்றி 7,000 ரூபா வாங்கினார்கள். கடைக்குள் அது நன்றாகவே வேலை செய்தது, ஆனால் அடுத்த மேட்டுக்குப் போனதும் பழைய இரைச்சல் திரும்பியது. இன்னொரு கடையில் சிக்னல் போதவில்லை என்று சொல்லி, பூஸ்டருடன் கூடிய அன்டெனா ஒன்றை 9,500 ரூபாவுக்குக் கொடுத்தார்கள். அதை மாட்டியதும் நிலைமை இன்னும் மோசமானது. பூஸ்டர் என்பது அன்டெனாவுக்கு வந்து சேரும் எல்லாவற்றையும் பெருக்கும் பொருள். என் மைக்கின் சிக்னலைப் பெருக்கும்போது கோபுரத்திலிருந்து வருவதையும் சேர்த்தே பெருக்குகிறது, போதாததற்கு மைக்கின் அலையை வாங்கிக் குரலாக மாற்றும் ரிசீவர் பெட்டியின் முன்பகுதியைத் திணறவும் வைக்கிறது. நீளமான அன்டெனாக் கேபிளில் இழக்கப்படும் சிக்னலை ஈடுகட்டுவதே அதன் உண்மையான வேலை. ரிசீவருக்குப் பக்கத்திலேயே அன்டெனா இருக்கும்போது அதற்குப் பயனே கிடையாது. பூஸ்டர் வாங்கச் சொல்பவர் யாராக இருந்தாலும், உங்கள் கேபிள் எத்தனை மீட்டர் என்று அவர் முதலில் கேட்கிறாரா என்று பாருங்கள்.

எனக்கு வழி திறந்தது ரிசீவரின் முகப்பில் உள்ள இரண்டு விளக்கு வரிசைகளைக் கவனிக்கத் தொடங்கிய பிறகுதான். அநேகமாக எல்லா ரிசீவர்களிலும் ஆர்எஃப் என்றும் ஏஎஃப் என்றும் இரண்டு அளவுகாட்டிகள் இருக்கும். முதலாவது வானொலி அலை எவ்வளவு வந்து சேர்கிறது என்பதையும், இரண்டாவது குரல் எவ்வளவு வருகிறது என்பதையும் காட்டும். முதலில் எல்லா மைக்குகளையும் நிறுத்திவிட்டு ரிசீவரை மட்டும் இயக்கிப் பாருங்கள். மைக் ஒன்றுகூட இயங்காத நேரத்தில் ஆர்எஃப் விளக்குகள் எரிந்தால், அந்த அலைவரிசையில் வேறு யாரோ ஏற்கெனவே இருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்கு மைக்கைத் திறந்து பார்ப்பதிலோ தலையை மாற்றுவதிலோ எந்தப் பலனும் இல்லை. மைக்கை இயக்கியபின் ஆர்எஃப் விளக்குகள் முழுமையாக எரிந்துகொண்டே இருந்து, அப்படியிருந்தும் கரகரப்பு வந்தால், கோளாறு குரல் வரும் பாதையில் இருக்கிறது. மைக்கின் தலை, சுவிட்ச், மிக்ஸருக்குப் போகும் கேபிள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இரைச்சல் வரும் அதே நொடியில் ஆர்எஃப் விளக்குகள் விழுந்து எழுந்தால், சிக்னல் வழியில் மறைந்துபோகிறது, அல்லது பேட்டரி தளர்கிறது. இந்த மூன்றையும் பிரித்தறிய ஐந்து நிமிடம்கூட ஆகாது. இரண்டு கடைகளிலும் சேர்த்து நான் கொடுத்த 16,500 ரூபாவுக்கு இந்த ஒரு விஷயத்தை எவரும் சொல்லித் தரவில்லை என்று நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

இந்தச் சோதனையை அந்த மேட்டுக் கோயிலில் மறுபடி செய்து பார்த்தேன். மைக் எதுவும் இயங்காமலே நான்கில் இரண்டு அலைவரிசைகளில் விளக்குகள் பாதிக்குமேல் எரிந்தன. என் செட்டின் நான்கு அலைவரிசைகளும் 640க்கும் 690க்கும் இடைப்பட்ட மெகாஹெர்ட்ஸில், மாற்ற முடியாதபடி அமைக்கப்பட்டவை. தொலைக்காட்சி ஒளிபரப்பின் யூஎச்எஃப் பட்டை 470 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி, ஒவ்வொன்றும் 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அறைகளாக மேலே போகிறது, வயர்லெஸ் மைக்குகளில் பலவும் அதே பட்டையில்தான் குடியிருக்கின்றன. பழைய அனலாக் ஒளிபரப்பில் படத்தைச் சுமக்கும் அலை நொடிக்கு 50 முறை துடிக்கும் அடையாளத்தைக் கொண்டது. அது மைக் ரிசீவருக்குள் நுழைந்தால் கர்ர்ர் என்று கேட்கும். நம் கரண்டும் 50 ஹெர்ட்ஸ் என்பதால், கேட்பவர்கள் அதை எர்த் கோளாறு என்றே நினைத்து வயர்களை மாற்றிக்கொண்டிருப்பார்கள். வேறுபாட்டை அறிய வேண்டுமானால் ரிசீவரின் ஒலியளவைப் பூச்சியமாக்குங்கள். அப்போதும் கர்ர்ர் தொடர்ந்தால் அது கேபிளிலோ கரண்டிலோ இருக்கிறது. நின்றுவிட்டால் அது வானத்தின் வழியே வருகிறது.

நோர்வூட்டில் நன்றாக ஓடியது நுவரெலியாவில் ஏன் ஓடவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. யூஎச்எஃப் அலை மலையைச் சுற்றி வளைந்து வருவது மிகக் குறைவு. பள்ளத்தில் உள்ள கோயிலுக்கு மலையே குடை பிடித்தது. மேட்டில் அந்த மறைப்பு இல்லை, கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தால் அதன் அலையும் தடையின்றி வந்து சேரும். ஆகவே மலையகத்தில் "இந்த செட் நல்ல செட்" என்று பொதுவாகச் சொல்வதற்கு அர்த்தமில்லை. ஒரே தோட்டத்தின் மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் இடையிலேயே நிலைமை மாறிவிடுகிறது. புதிய இடமொன்றில் வேலை பேசும்போது, முன்கூட்டியே ரிசீவரை மட்டும் எடுத்துக்கொண்டு போய், கரண்ட் கொடுத்து, ஒவ்வொரு அலைவரிசையிலும் எத்தனை விளக்கு எரிகிறது என்று பார்த்துவிட்டு வருவது பெட்ரோல் செலவுக்குத் தகுதியான பயணம்தான்.

ஸ்குவெல்ச் என்ற திருகைப் பற்றியும் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழான சிக்னல் வந்தால் ரிசீவரை வாயடைக்கச் செய்வதுதான் அதன் வேலை. அதைக் கூட்டினால் மைக் நிறுத்தப்பட்டிருக்கும்போது வரும் இரைச்சல் மறைந்துவிடும். பிரச்சினை தீர்ந்ததுபோலத் தோன்றும். ஆனால் அந்நியச் சிக்னல் அங்கேயேதான் இருக்கிறது, மைக்கை எடுத்துக்கொண்டு தூரம் போனவுடன் குரல் முன்னைவிடச் சீக்கிரமாக அறுந்துவிடும். என்னுடைய பிரதம விருந்தினரின் குரல் நான்கு அடியில் அறுந்ததற்குக் கடைக்காரர் அதை உச்சத்தில் வைத்துக் கொடுத்திருந்ததும் ஒரு காரணம்.

தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் நடந்தது வேறு விதமானது. அங்கே மைக்குகளை ஒவ்வொன்றாகச் சோதித்தபோது எல்லாம் சுத்தமாக இருந்தன. விழா தொடங்கி நான்கையும் ஒன்றாக இயக்கியவுடன் மூன்றாவது மைக்கில் மற்றவர்களின் பேச்சு உடைந்து உடைந்து கேட்டது. இரண்டு மைக்குகள் ஒன்றாக இயங்கும்போது, அவற்றின் அலைகள் கலந்து புதிய அலைகள் பிறக்கின்றன. ஓர் உதாரணமாக, 650 மெகாஹெர்ட்ஸிலும் 652 மெகாஹெர்ட்ஸிலும் இரண்டு மைக்குகள் இருந்தால், ஒன்றின் இரட்டிப்பிலிருந்து மற்றதைக் கழித்து வரும் 648இலும் 654இலும் நிழல் அலைகள் தோன்றும். மூன்றாவது மைக்கை 654இல் வைத்திருந்தால் அது நேராக அதன்மேல் விழும். அதனால் அலைவரிசைகளைச் சம இடைவெளியில் வரிசையாக அடுக்கவே கூடாது. செட்டுடன் வரும் அட்டவணையில் ஒரே குழுவாகக் கொடுக்கப்பட்ட அலைவரிசைகளை அப்படியே எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. மைக்குகளை இயக்கியபடியே ஒன்றோடொன்று ஒட்டி மேசையில் அடுக்கி வைப்பதும், ரிசீவரின் காலடியிலேயே வைப்பதும் இந்தக் கலப்பை அதிகமாக்கும். பயன்படாத மைக்கை நிறுத்தி வையுங்கள், இயங்கும் மைக்கை ரிசீவரிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி வையுங்கள். சோதனையை எப்போதும் எல்லா மைக்குகளையும் ஒன்றாக இயக்கித்தான் செய்ய வேண்டும்.

அதே மண்டபத்தில் எல்ஈடி திரையும் வைத்திருந்தார்கள். திரையை இயக்கியதும் எல்லா அலைவரிசைகளிலும் விளக்குகள் ஓரிரு படி ஏறின. மலிவான எல்ஈடி திரைகள், வண்ண விளக்குகளின் கரண்ட் பெட்டிகள், மடிக்கணினி சார்ஜர்கள் ஆகியவை ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் அல்லாமல் அகலமாகவே இரைச்சலைப் பரப்புகின்றன. அலைவரிசையை மாற்றி இதிலிருந்து தப்ப முடியாது, தூரம் ஒன்றுதான் மருந்து. ரிசீவரைத் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்து மேடையின் எதிர்ப்பக்கம் வைத்தவுடன் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அதிபர் மட்டும், மேசை முன்னால் வந்ததால் படம் பிடிப்பவருக்கு மறைக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அன்டெனா வைக்கும் இடத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். 600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர், அதன் கால்பங்கு 12.5 சென்டிமீட்டர். தகரக் கூரையிலும் மதில்களிலும் பட்டுத் திரும்பும் அலை நேராக வரும் அலையோடு மோதி, சில இடங்களில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. அதனால்தான் பேசுபவர் அரை அடி நகர்ந்தால் குரல் போகிறது, இன்னும் அரை அடி நகர்ந்தால் திரும்புகிறது. இரண்டு அன்டெனாக்களில் நல்ல சிக்னல் வரும் ஒன்றை நொடிக்கு நொடி தேர்ந்தெடுக்கும் ரிசீவர் இதற்குத் தீர்வு. ஆனால் இரண்டு குச்சி நீட்டிக்கொண்டிருப்பதாலேயே ஒரு செட் அந்த வகை ஆகிவிடாது. என் நான்கு மைக் செட்டிலும் அன்டெனாக் குச்சிகளுக்குக் குறைவில்லை, ஆனால் ஒரு மைக்குக்கு ஓர் அன்டெனாதான் உண்மையில் வேலை செய்தது. முகப்பில் ஏ, பி என்ற இரண்டு விளக்குகள் மாறி மாறி எரிகின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். அன்டெனாக்களை ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாகச் சாய்த்து, ஆட்களின் தலைக்கு மேலே உயரத்தில், பேசுபவர் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். இரும்புப் பெட்டிக்குள்ளோ அம்ப்ளிஃபயருக்குப் பின்னாலோ வைக்காதீர்கள். மனித உடம்பு பெரும்பகுதி தண்ணீர் என்பதால் கூட்டம் நிறைந்ததும் சிக்னல் குறையும். வெறும் மண்டபத்தில் நடந்து பார்த்துவிட்டு நம்பிக்கை வைக்கக் கூடாது.

கூத்துக்காரர்களுக்கு இடுப்பில் கட்டும் டிரான்ஸ்மிட்டர், அதாவது குரலை அலையாக்கி அனுப்பும் சிறு பெட்டி, கொடுத்தபோது இன்னொன்று தெரியவந்தது. அவர்கள் அதன் அன்டெனா வயரை மடித்து ஒட்டியாணத்துக்குள் செருகிவிடுகிறார்கள். உலோகத்தோடு ஒட்டிய அன்டெனா இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. வயர் நேராகத் தொங்க வேண்டும். கைமைக்கைப் பிடிப்பவர்களில் பலர் அடிப்பகுதியை உள்ளங்கையால் பொத்துகிறார்கள், அன்டெனா அங்கேதான் இருக்கிறது. வலைப்பகுதியைப் பொத்துபவர்கள் ஊளையை வரவழைக்கிறார்கள். இரு வகையினரும் மைக்கை நடுவில் பிடிக்கும்படி, விழா தொடங்குமுன் நானே கையைப் பிடித்துக் காட்டிவிடுகிறேன். பெரியவர்களிடம் மட்டும் "ஐயா, கொஞ்சம் மேலே பிடிச்சா குரல் கம்பீரமா வரும்" என்று சொல்வேன், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

உண்மையிலேயே மைக் பழுதாக இருந்த சந்தர்ப்பங்களும் உண்டு. அவற்றில் முக்கால்வாசி ஈரத்தால் வந்தவை. குளிரில் லொறியிலேயே கிடந்த மைக்கை, ஆட்கள் நிறைந்த சூடான மண்டபத்துக்குள் கொண்டுவந்தவுடன் அதன் உள்ளே நீர் பூக்கிறது. குரல் மந்தமாகி, போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகிவிடுகிறது. பெட்டியை மண்டபத்துக்குள் கொண்டுவந்து, திறக்காமலே அரைமணி நேரம் வைத்து, அதன்பின் திறந்தால் இது பெரும்பாலும் வராது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இருக்கட்டும். வலையைத் திருகிக் கழற்றினால் உள்ளே மெல்லிய பஞ்சு இருக்கும். எச்சிலும் மூச்சும் சேர்ந்து அது அடைபட்டிருந்தால், சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாக உலர்த்திப் போடுங்கள். 3,500 ரூபாவுக்குத் தலை மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

பேட்டரியில் ஏமாறுவது இன்னும் சுலபம். தோட்டத்துக் கடைகளில் கிடைக்கும் மலிவான கார்பன் பேட்டரி மைக்குக்குத் தாங்காது. அல்கலைன் பேட்டரி புதிதாக 1.5 வோல்ட் தந்து மெல்ல மெல்ல இறங்குகிறது. திரும்பச் சார்ஜ் செய்யும் வகை 1.2 வோல்ட்டில் நீண்ட நேரம் நின்று, கடைசியில் திடீரென்று விழுகிறது. அல்கலைனுக்காக அமைக்கப்பட்ட பேட்டரி அளவுகாட்டி இந்த இரண்டாவது வகையில் சொல்வதை நம்பவே முடியாது. மைக்கை மெல்லத் தட்டினால் குரல் அறுகிறதென்றால் பேட்டரி ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது பச்சை பூத்திருக்கிறது. அழிறப்பரால் தேய்த்து, ஸ்பிரிங்கைச் சற்று இழுத்துவிட்டால் போதும். விழா முடிந்து வந்தவுடன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், ஒழுகிய பேட்டரியால் ஒரு மைக்கை முழுதாக இழந்தவர்களை எனக்குத் தெரியும். தலையில் மாட்டும் சிறு மைக்குகளில் பழுது அநேகமாக வயர் பிளக்கோடு சேரும் இடத்தில்தான் இருக்கும். அந்த இடத்தை விரலால் மெல்ல வளைத்தால் கரகரப்பு வரும்.

டிட்டிட்டிட் என்று கேட்கும் ஒலி கைப்பேசியால் வருவது. பழைய 2ஜி முறையில் கைப்பேசி நொடிக்கு 217 முறை விட்டுவிட்டுச் சிக்னல் அனுப்புவதே அந்தத் தாளம். கவரேஜ் குறைந்த தோட்டங்களில் கைப்பேசி முழுச் சக்தியோடு கோபுரத்தைத் தேடுவதால் இங்கே அது கூடுதலாகவே கேட்கிறது. பேசுபவரின் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை வாங்கி வைத்தால் போதும்.

மறுபடி வாங்குவதாக இருந்தால் கவனிக்க வேண்டியவை சில. அலைவரிசையை மாற்றக்கூடிய செட்டாக இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. எந்த அலைவரிசைகளில் இயங்கும் என்று மைக்கின் அடியில் அச்சிடப்படாத செட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நம் நாட்டில் அலைவரிசைகள் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பொறுப்பில் இருப்பதால், செட்டுக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்றும் கடையில் கேளுங்கள். 900 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்கும் மலிவு செட்டுகள் கைப்பேசிப் பட்டைக்குள்ளேயே விழுகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் வகை வகுப்பறைக்கும் சிறு கூட்டத்துக்கும் நல்லது. ஆனால் வைஃபையும் புளூடூத்தும் அதே இடத்தில் நெரிசலாக இருப்பதால், நூற்றுக்கணக்கான கைப்பேசிகள் கூடும் திருவிழாவுக்கு அதை நான் கொண்டுபோவதில்லை.

பழைய செட்டை 22,000 ரூபாவுக்கு விற்றேன். எந்த இடத்தில் ஓடும், எந்த இடத்தில் ஓடாது என்று வாங்கியவரிடம் சொல்லித்தான் கொடுத்தேன். அவருக்குப் பள்ளத்தில் உள்ள தேவாலயம் ஒன்றுக்குத்தான் தேவைப்பட்டது, இன்றும் நன்றாக ஓடுவதாகச் சொல்கிறார். இப்போது என்னிடம் இருப்பது அலைவரிசை மாற்றக்கூடிய இரண்டு மைக் செட். நான்கு மைக் கேட்பவர்களுக்கு இரண்டு வயர்லெஸ், இரண்டு கேபிள் என்று பேசும்போதே சொல்லிவிடுகிறேன், பிரதம விருந்தினரின் மேசையில் எப்போதும் கேபிள் மைக்தான். அந்த மேட்டுக் கோயிலின் தலைவர் இந்த வருடத் திருவிழாவுக்கு மறுபடி அழைத்திருக்கிறார். வாடகையில் பாதியை முன்பணமாகக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.